எப்போது உறையும், எவ்வளவு தாங்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. தச்சு வேலை செய்கிறார். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதயத்தில் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், சில வருடங்களுக்கு முன் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அன்று முதல் அசிட்ரோம் சாப்பிடுகிறார். மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கிறோம். போன வருடம் என் மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். இரண்டு பேருடையதையும் ‘ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை’ என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் இவருக்கு மட்டும் ஏன் மாதாமாதம் பரிசோதனை, அத்தைக்கு ஏன் இல்லை? இவருக்கு உளி பட்டுக் கீறினால் ரத்தம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் சில மணி நேரம் கழித்துத் திரும்பக் கசிகிறது. உறைகிற ரத்தமும் பலமில்லாமல்தான் உறைகிறதா? கீரையே கூடாது என்று ஒருவர் சொல்கிறார், சாப்பிடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். லேபில் நீல மூடிக் குழாய் நிரம்பவில்லை என்று இரண்டாவது முறை குத்துகிறார்கள், அது அவசியமா? இப்போது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும், மாத்திரையை நிறுத்தலாமா? பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே, அதற்கு மாறலாமா? கடைசியாக, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், பாம்பு விஷத்திலிருந்துகூட இந்த மாதிரி மாத்திரை செய்கிறார்கள் என்கிறான். உண்மையா?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கணவரின் கீறலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, ‘நிற்கிறது, பிறகு கசிகிறது’ என்று, அந்த ஒரு வரியில் முக்கால்வாசி விடை இருக்கிறது. அதை விளக்கினால் மற்றவை தானாக விளங்கிவிடும்.

முதலில், இந்த மாத்திரைகள் எதுவும் ரத்தத்தைத் தண்ணீர் ஆக்குவதில்லை. ரத்தத்தின் அடர்த்தி அப்படியேதான் இருக்கிறது. மாறுவது உறைகிற வேலை மட்டும். அந்த வேலையைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம்: எவ்வளவு நேரத்தில் உறைகிறது? உறைந்தது எவ்வளவு தாங்கும்? தயிர் ராத்திரி எத்தனை மணிக்கு உறைந்தது என்பது ஒன்று, காலையில் கரண்டி போட்டால் கட்டியாக நிற்கிறதா, தளதளவென்று ஓடுகிறதா என்பது வேறொன்று. உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு வகை மாத்திரைகளும் இந்த இரண்டு கேள்விகளையும் வெவ்வேறு இடத்தில் தொடுகின்றன. ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும்.

கையில் உளி பட்டதும் நடப்பதைப் பார்ப்போம். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. ஒட்டியவை சில ரசாயனங்களைக் கக்கி, போகிற வருகிற தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. சில நிமிடங்களில் ஒரு தற்காலிக அடைப்பு உருவாகிறது. அதே நேரத்தில், கல்லீரல் செய்து ரத்தத்தில் மிதக்கவிட்டிருக்கும் உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. அந்த வரிசையின் முடிவில் திராம்பின் என்ற நொதி பிறக்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை அது வெட்ட, வெட்டுப்பட்டவை ஒன்றோடொன்று கோத்து ஃபைப்ரின் இழைகளாகின்றன. இழைகள் வலையாகி, தட்டணு அடைப்பின் மேலும் உள்ளும் ஓடிப் பிடித்துக்கொள்கின்றன.

இதோடு முடிந்தால் உறைவுக்குப் பலம் இருக்காது. அடுத்து 13-ஆம் காரணி வருகிறது. இழைக்கும் இழைக்கும் நடுவே நிரந்தரப் பிணைப்பு போடுவது இதன் வேலை. இந்தக் காரணி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ரத்தம் உறையும், ஐ.என்.ஆர். சரியாக இருக்கும், ஆனால் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் கசியும். அந்த உறைவை எடுத்து யூரியாக் கரைசலில் போட்டால் கரைந்தே போய்விடும், நம்முடையது கரையாது. நேரம் வேறு, பலம் வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. பலத்துக்கு இன்னொரு பங்காளி தட்டணு. ஒட்டியதோடு அது சும்மா இருப்பதில்லை. ஃபைப்ரின் இழைகளைப் பற்றி உள்நோக்கி இழுத்து, உறைவைச் சுருக்கி இறுக்குகிறது. கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் ஒரு மணி நேரம் கழித்துச் சுருங்கி, பக்கத்தில் மஞ்சள் நீர் தனியாக நிற்பதற்கு இதுதான் காரணம். ஃபைப்ரின் இழையும் லேசுப்பட்டது அல்ல. தன் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துவிட்டாலும் பழைய நீளத்துக்கே திரும்பும் என்று 2006-இல் ஒற்றை இழையை இழுத்துப் பார்த்தே அளந்திருக்கிறார்கள். கடைசியாக, காயம் ஆறியதும் பிளாஸ்மின் என்ற நொதி இந்த வலையை அறுத்துக் கரைக்கிறது. கட்டுவதும் கரைப்பதும் எப்போதும் சேர்ந்தே நடக்கின்றன.

இப்போது மாமியாருடைய மாத்திரை. ஆஸ்பிரின், தட்டணுவுக்குள் இருக்கும் காக்ஸ்-1 என்ற நொதியைப் பிடித்து ஒரேயடியாக முடக்கிவிடுகிறது. மற்ற தட்டணுக்களைக் கூப்பிடப் பயன்படும் திராம்பாக்சேன் அந்த நொதி இல்லாமல் உருவாகாது. உடம்பின் மற்ற செல்கள் நொதி போனால் புதிதாகச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் செய்துகொள்ள முடியாது. வாழ்நாள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள், அந்தத் தட்டணு முடங்கியதுதான். ஆகவேதான் 75 மி.கி. என்ற சின்ன அளவு தினமும் போதுமானதாக இருக்கிறது; நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்கு அதன் தடம் இருக்கிறது. குளோபிடோக்ரெல் தட்டணுவின் வேறொரு கதவை அடைக்கிறது. ஸ்டென்ட் வைத்த புதிதில் உலோகக் கம்பியின் மேல் தட்டணுக்கள் மொய்க்கும் என்பதால் இரண்டு கதவையும் சேர்த்து அடைக்கிறார்கள்.

மாமியாருக்கு ஏன் ஐ.என்.ஆர். இல்லை? அந்தப் பரிசோதனையில் ரத்தத்தை முதலில் சுழற்றி, அணுக்களையெல்லாம் அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் பிளாஸ்மாவை மட்டும் எடுக்கிறார்கள். தட்டணுவே இல்லாத இடத்தில் தட்டணுவைத் தடுக்கும் மருந்து எப்படித் தெரியும்? ஆஸ்பிரின் சாப்பிடும் ஒருவர் ‘எனக்கும் ஐ.என்.ஆர். எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் காசுதான் வீண். தவிர, இந்த மாத்திரைகளின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. சாப்பாட்டோடும் இவற்றுக்குச் சண்டையில்லை.

கணவருடைய மாத்திரை அப்படியல்ல. இதன் பூர்வீகம் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. கொம்பு வெட்டினால் சாவு, காயடித்தால் சாவு. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோல்தான் காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டுபிடித்தார். 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, செத்த பசுவையும், பால் கேனில் உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம் ஆறு வருடம் உழைத்து, 1939-இல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தது. பெயர் டைகூமரால். அதன் தம்பி வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடமே அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதைக் கொடுத்தார்கள். உங்கள் கணவர் சாப்பிடும் அசிட்ரோமில் இருக்கும் அசினோகூமரால் இதே குடும்பம்தான். வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடம்பைவிட்டு வெளியேறும் என்பதுதான் முக்கிய வித்தியாசம். அதனாலேயே ஒரு வேளை தவறினாலும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

எலி மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். அளவுதான் மருந்தும் விஷமும். ஆனால் ‘அளவு’ என்ற சொல்லை இந்த மாத்திரையில் மிக உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது ரத்தத்தில் எதையும் நேரடியாகத் தடுப்பதில்லை. கல்லீரலுக்குப் போய் உற்பத்தியைக் கெடுக்கிறது. 2, 7, 9, 10 ஆகிய நான்கு உறைதல் காரணிகளைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினின் உதவியால்தான் இவற்றின் ஒரு முனையில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் அமைகின்றன. கொக்கி இருந்தால்தான் தட்டணுவின் மேல்பரப்பில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு திரும்பப் புதுப்பித்துக்கொள்கிறது. அசிட்ரோம் அந்தப் புதுப்பித்தலை நிறுத்துகிறது. கல்லீரல் காரணிகளைச் செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கொக்கி இல்லாத காரணிகள்.

இதனால் வரும் ஒரு சிக்கலை நோயாளிகளுக்கு யாரும் சரியாகச் சொல்வதில்லை. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே செய்துவைத்த நல்ல காரணிகள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை தீர வேண்டும். 7-ஆம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகும். 2-ஆம் காரணி, அதாவது திராம்பினின் மூலம், பாதியாக இரண்டரை நாள் ஆகும். ஐ.என்.ஆர். 7-ஆம் காரணி குறைந்ததுமே ஏறத் தொடங்கிவிடும். இரண்டாம் நாளே ‘2 வந்துவிட்டது’ என்று அறிக்கை மகிழ்ச்சியாகச் சொல்லும். உள்ளே திராம்பினின் கையிருப்பு இன்னும் குறையவில்லை. போதாததற்கு, உறைதலுக்குத் தடை போடும் சி என்ற இயற்கைப் புரதமும் வைட்டமின் கே-யை நம்பியதுதான். அதுவும் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே முதல் சில நாள் உறையும் ஆபத்து குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ஆபரேஷன் முடிந்த புதிதில் மாத்திரையையும் கொடுத்து, கூடவே வயிற்றில் ஹெப்பாரின் ஊசியையும் குறைந்தது ஐந்து நாளாவது போட்டிருப்பார்களே, அது இந்த இடைவெளிக்காகத்தான். ஹெப்பாரின், ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் ஆன்டிதிராம்பின் என்ற காவலனுக்கு வேகம் கொடுத்து உடனே வேலை செய்ய வைக்கிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: உறைகிற ரத்தமும் பலமில்லாமல்தான் உறைகிறதா? ஆம், ஓரளவுக்கு. திராம்பின் நிறைய இருந்தால் ஃபைப்ரின் மெல்லிய இழைகளாக, நெருக்கமான வலையாகப் பின்னிக்கொள்ளும். அதைக் கரைக்கப் பிளாஸ்மின் திண்டாடும். திராம்பின் குறைந்தால் இழைகள் தடித்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி பெரிதாகிவிடும். அந்த வலைக்குள் பிளாஸ்மின் சுலபமாக நுழைந்து அறுத்துவிடும். 13-ஆம் காரணியை எழுப்புவதும் திராம்பின்தான். வலையைப் பிளாஸ்மினிடமிருந்து காக்கும் இன்னொரு நொதியை எழுப்புவதும் அதேதான். ஆகவே திராம்பினைக் குறைக்கும் எந்த மருந்தும் நேரத்தை நீட்டுவதோடு நிற்காமல், பிறக்கிற உறைவையும் நெகிழ்வாக்கிவிடுகிறது.

கணவருடைய தட்டணுக்கள் முழு ஆரோக்கியம். உளி பட்டதும் அவை ஓடி அடைக்கின்றன, ரத்தம் நிற்கிறது. பின்னால் வந்து கட்ட வேண்டிய ஃபைப்ரின் வலை தாமதமாகவும் இளக்கமாகவும் வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்து அதே கையால் இழைப்புளியைத் தள்ளும்போது அடைப்பு பெயர்ந்து கசிகிறது. மாமியாருக்கு நேர்மாறு. காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டினால் முதலில் நிற்கவே நேரமாகும். நின்றுவிட்டால் பெரும்பாலும் நின்றதுதான். இருவருக்கும் முதலுதவி ஒன்றே. சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் நின்றதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். கணவர் அதோடு கட்டுப் போட்டு, அன்றைக்கு அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

உறைவின் பலத்தை அளக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பழைய வழி. 1948-இல் ஹைடல்பர்க்கில் ஹெல்முட் ஹார்டர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு கருவி செய்தார். சின்னக் கிண்ணத்தில் ரத்தம். அதற்குள் ஒரு கம்பியிலிருந்து தொங்கும் ஊசி. கிண்ணம் இப்படியும் அப்படியும் ஐந்து டிகிரிக்கும் குறைவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ரத்தம் திரவமாக இருக்கும்வரை ஊசி அசையாது. உறையத் தொடங்கியதும் ஃபைப்ரின் கிண்ணத்தையும் ஊசியையும் பிணைத்து, ஊசியும் சேர்ந்து திரும்பும். உறைவு எவ்வளவு பலமோ அவ்வளவு அசைவு. ஊசி அசையத் தொடங்க ஆகும் நேரம், அசைவின் உச்சம், பிறகு உறைவு கரைந்து அசைவு குறையும் வேகம் எல்லாம் ஒரே வரைபடத்தில் கிடைக்கும். திராம்போ-எலாஸ்டோகிராஃபி என்று பெயர். கல்லீரல் மாற்றும்போதும், பெரிய இதய அறுவையிலும், எந்த ரத்தப் பொருளை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்ய இது கைகொடுக்கிறது. ஹெப்பாரின் போட்டால் தொடக்க நேரம் நீளும். தட்டணுவோ ஃபைப்ரினோஜனோ குறைந்தால் உச்சம் தாழும். வேடிக்கை என்னவென்றால், உங்கள் மாமியாரின் ஆஸ்பிரின் சாதாரணமாகச் செய்யும் இந்தப் பரிசோதனையிலும் தெரியாது. கிண்ணத்துக்குள் பிறக்கும் திராம்பின் அவ்வளவு பலமாகத் தட்டணுவை உசுப்பிவிடுவதால், ஆஸ்பிரின் மூடிய சின்னக் கதவு அங்கே ஒரு பொருட்டே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத் தனி முறை இருக்கிறது. மாதாமாதம் மாத்திரை அளவைச் சரிபார்க்க இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், ஐ.என்.ஆர். போதும்.

அந்த ஐ.என்.ஆர். சரியாக வர வேண்டுமானால் நீல மூடிக் குழாய் கோடுவரை நிரம்பத்தான் வேண்டும். இரண்டாவது முறை குத்தும் பெண் சரியாகவே செய்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள். குழாயில் சோடியம் சிட்ரேட் கரைசல் இருக்கிறது. ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு என்பது கணக்கு. சிட்ரேட், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. கால்சியம் இல்லாவிட்டால் கொக்கியுள்ள காரணிகளும் வேலை செய்யாது, ரத்தம் திரவமாகவே லேபுக்குப் போய்ச் சேரும். அங்கே அளந்து கால்சியத்தைச் சேர்த்து, உறைய எத்தனை விநாடி என்று எண்ணுகிறார்கள். குழாய் பாதிதான் நிரம்பினால் சிட்ரேட் மிஞ்சிவிடும். சேர்க்கும் கால்சியத்தில் ஒரு பகுதியையும் அது பிடித்துக்கொள்ளும். உறையத் தாமதமாகும், ஐ.என்.ஆர். இல்லாத உயரம் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார். குறைத்ததால் வால்வில் ரத்தம் கட்டும். ஒரு மில்லி ரத்தம் குறைந்ததில் தொடங்கி பக்கவாதம் வரைக்கும் போகக்கூடிய பாதை இது. இன்னொரு குத்து எவ்வளவோ மேல்.

மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வு உள்ளவருக்கு வழக்கமான இலக்கு 2.5 முதல் 3.5 வரை. உங்கள் மருத்துவர் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. வெவ்வேறு லேபில் பயன்படுத்தும் ரசாயனத்தின் வீரியம் வேறுபடுவதால், விநாடிக் கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. அதைச் சமன்படுத்தத்தான் 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற விகிதத்தைக் கொண்டுவந்தது. ஆனாலும் முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

கீரை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலை, கொத்தமல்லித் தழை எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருக்கிறது. அசிட்ரோம் தடுப்பதை அது கொஞ்சம் ஈடுகட்டும். ஆகவே ‘கூடாது’ என்று சொல்பவரின் கணக்கு புரிகிறது, ஆனால் முடிவு தப்பு. அளவு மாறுவதுதான் தொல்லை. வாரம் மூன்று நாள் ஒரு கரண்டி கீரைப் பொரியல் என்றால் எப்போதும் அப்படியே சாப்பிடட்டும், மாத்திரையின் அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் கீரையை நிறுத்தினால் ஐ.என்.ஆர். எகிறும். ஆடியில் விரதம், பிறகு திடீரென்று தினமும் முருங்கைக்கீரை என்றால் அது விழும். கீரையைவிட நான் அதிகம் அஞ்சுவது மருந்துக்கடையை. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், சளிக்குக் கோட்ரைமாக்சசோல், படைக்கு ஃப்ளூகொனசோல், கைவலிக்கு டைக்ளோஃபெனாக் என்று சீட்டில்லாமல் வாங்கிவருவது நம் ஊர்ப் பழக்கம். முதல் மூன்றும் அசிட்ரோமை உடம்பில் தேங்க வைத்து ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கி, தட்டணுவையும் மந்தமாக்கும். கணவருக்கு இரண்டு தடுப்பும் ஒன்று சேர்ந்துவிடும். வலிக்குப் பாரசிட்டமால், அதுவும் அளவோடு. இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கையையும் அவர் கைவிட வேண்டும். தசைக்குள் போடும் ஊசி, தசைக்குள்ளேயே ரத்தம் கட்டவைக்கும்.

பல்லுக்கு வருவோம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு பல் பிடுங்குவதில் வரும் ரத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அழுத்தலாம். நின்றுபோன வால்வை அப்படிச் செய்ய முடியாது. பிடுங்குவதற்கு ஓரிரு நாள் முன்பு ஐ.என்.ஆர். பாருங்கள். இலக்குக்குள் இருந்தால், பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே பல் மருத்துவர் பிடுங்கி, தையல் போட்டு, பஞ்சு வைத்து அனுப்பிவிடுவார். செயற்கை வால்வு இருப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கவும் சொல்லலாம். இதுவும் ஒரு தடுப்பானே, ஆனால் எதிர்ப்பக்கத் தடுப்பான். பிளாஸ்மின் ஃபைப்ரினைப் பிடித்துக்கொள்ளும் இடத்தை இது முன்கூட்டியே அடைத்துவிடும். உறைவை இது உண்டாக்குவதில்லை. உண்டான உறைவு சீக்கிரம் கரையாமல் காக்கிறது. உமிழ்நீருக்கே உறைவைக் கரைக்கும் குணம் உண்டு என்பதால் வாயில் இது நன்றாக உதவுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும், 1962-இல். பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது உட்டாகோவின் நெடுநாள் ஆசை. அன்றைய ஆண் மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபதாயிரம் பெண்களிடம் சோதித்து, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது என்று நிரூபித்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அவர் அதற்கு முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார். உங்கள் கணவர் இதைக் கொப்பளிக்கலாம். மாத்திரையாகத் தானே வாங்கி விழுங்கக் கூடாது. உறைவு கரையாமல் இருப்பது அவருடைய வால்வுக்கு நல்லதல்ல.

மாமியாருக்குப் பல் பிடுங்க நேர்ந்தாலும் இதே கண்டிப்புதான். ஸ்டென்ட் வைத்தவர் இரண்டு மாத்திரைகளையும் தானாக நிறுத்துவது, ஸ்டென்ட் ஒரேயடியாக அடைத்துக்கொள்வதற்குச் சுருக்கு வழி.

புது மாத்திரைகள், அதாவது டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்களுக்கும், வால்வு நோயில்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கும் நல்ல மருந்துகள். மாதப் பரிசோதனை வேண்டாம், கீரைக் கவலை இல்லை. உங்கள் கணவருக்கு மட்டும் வேண்டாம். உலோகமும் கார்பனும் சேர்ந்த வால்வின் பரப்பு ரத்தம் பட்டதும் உறைதல் வரிசையை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. டாபிகாட்ரான் கடைசியில் பிறக்கும் திராம்பினை ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கும். பிறப்பு அதிகமானால் பிடிக்க மருந்து போதாது. அசிட்ரோம் மேலேயே நான்கு இடத்தில் வெட்டுவதால் திராம்பின் அவ்வளவு பிறப்பதே இல்லை. செயற்கை வால்வு வைத்தவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்தபோது வால்வில் ரத்தக் கட்டும் ரத்தக் கசிவும் இரண்டுமே வார்ஃபரினைவிட அதிகமாக வந்து, 2012-இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் தாறுமாறானவர்களிடம் ரிவரோக்சபானைப் பழைய மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. அதிலும் பழைய மாத்திரையே நல்ல பலன் தந்தது. மூட்டுக் காய்ச்சல் வால்வு நோய் நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை என்பதால் இந்த முடிவு நமக்கு முக்கியமானது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் நம்மவர்களே வடிவமைத்து, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வுக்கும் இதே விதிதான்: வால்வு உள்ளவரை இந்தப் பழைய மாத்திரையும் உண்டு.

மலம் தார் போல் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால், என்றுமில்லாத தலைவலி வந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை மரத்தாலோ, வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்கி மூச்சு வாங்கினாலோ அதே வேகம் வேண்டும். இது கசிவல்ல, கட்டு. ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தபோது சாப்பிடலாம். மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம்.

உங்கள் மகன் சொன்னது பாதி உண்மை. கண்ணாடி விரியனின் விஷம் உறைதலைத் தடுப்பதில்லை, தாறுமாறாக முடுக்கிவிடுகிறது. 5-ஆம், 10-ஆம் காரணிகளை அது நேரடியாக எழுப்ப, உடம்பெங்கும் சின்னச் சின்ன உறைவுகள் உண்டாகி, இருக்கும் ஃபைப்ரினோஜன் முழுவதும் செலவாகிவிடும். அதற்குப் பிறகு உறைய எதுவும் மிஞ்சாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யும் இருபது நிமிடப் பரிசோதனை இதைத்தான் பார்க்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்ப்பார்கள். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. உறைதலைத் தூண்டக் கண்ணாடியின் பரப்பு வேண்டும். விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தை, 1978-இல் தொடங்கப்பட்டு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்துவருகிறது.

மகன் படித்தது சுருட்டை விரியனைப் பற்றியதாக இருக்கும். அதன் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்ற சின்னப் புரதம் ஒன்று இருக்கிறது. தட்டணு ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும் கையை அது கட்டிவிடும். அதன் அமைப்பைப் பார்த்து, விஷம் துளியும் இல்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே செய்த மருந்துதான் டிரோஃபிபான். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மாத்திரை அல்ல. மாரடைப்பு வந்தவருக்கு, சிலசமயம் ஸ்டென்ட் வைக்கும் மேசையிலேயே, நரம்பு வழியாகச் செலுத்துவது. மாமியாரின் டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கே போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.